கயிற்றின் மறுமுனை

7

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எவர்சில்வர் தட்டில் பதினோரு வெண்டைக்காயை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்து செவந்தி இடைக்கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. ஈரத்தில் பலகை உப்பியிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பங்குனி வெயிலில் ஈரம் எங்கிருந்து வரும்? அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது.

திருக்கோகர்ணத்தில் ஒரே நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள கதவு அது. பதினாலு வருஷமாகப் பகலில் அதற்குத் தாழ் விழுந்ததில்லை. அந்தப் பக்கம் மூத்தவர் ஆத்மநாதனும் அவர் மனைவி ராஜலட்சுமியும். இந்தப் பக்கம் இளையவன் ரகுநாத்தின் மனைவி செவந்தி. ரகுநாத் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் இலக்கியா திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வீடுதான் இரண்டு, பின்னால் கொல்லை ஒன்று, கிணறும் ஒன்று.

தை மாதம் ரகுநாத் லீவில் வந்ததும், செவந்தி வருஷக்கணக்காகக் கேட்டு அலுத்துப்போன கொல்லைத் தோட்டத்தை அவனே முன்னின்று போட்டுக் கொடுத்ததும், "இம்புட்டு நல்ல மனுசனா நீங்க?" என்று அவள் உருகிப்போனதும் நாம் போன வாரங்களில் பார்த்ததுதான். மண்ணைக் கொத்தினான், பாத்தி கட்டினான், புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போட்டான், மாசியில் விமானம் ஏறினான். வெண்டை காய்த்துவிட்டது. முதல் காய் மூத்த வீட்டுக்கு என்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"அக்கா! அக்காவ்!"

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. பதில் வரவில்லை. மறுபடி மிக்ஸி ஓடியது.

செவந்தி தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு பிரகதீஸ்வரி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். கோலம் போட்டு முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"என்ன செவந்தி, இன்னைக்கு ரோட்டுச் சுத்தா?"

"ஆமாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ராஜலட்சுமி வாசற்படியிலேயே நின்றாள். 'வா' என்று சொல்லவில்லை. அவள் அறந்தாங்கிக்காரி, கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள். மனசில் ஒன்று வைத்துக்கொண்டு உதட்டில் ஒன்று பேசத் தெரியாது.

"மொத காய்க்கா. நம்ம கொல்லைக் காய்."

"நம்ம கொல்லையா? அப்படி ஒண்ணு இன்னும் இருக்கா?"

"என்னக்கா பேச்சு இது?"

"வேலி போட்டவ வீட்டுக் காயி எனக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போ."

"என்ன வேலி? யாரு போட்டா?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா போட்டுக்கிட்டாளாம் தாப்பா!" என்றாள் ராஜலட்சுமி. தாழ்ப்பாளைப் போட்டது யார் என்பதைச் செவந்தி அந்த நேரத்தில் சுட்டிக்காட்டவில்லை. "வா, காட்டுறேன்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து, வீட்டுக்குள் புகுந்து, அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள் ராஜலட்சுமி.

தினமும் செவந்தி தன் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் தோட்டத்துக்கு வருவாள். அங்கிருந்து பார்த்தால் கொடியும் இலையுமாகப் பந்தல் மட்டுமே தெரியும். துவைக்கிற கல் இருக்கும் இந்தப் பக்கமிருந்து இன்றுதான் பார்த்தாள். பந்தலின் ஒரு பக்கம் மதிலில் அடித்த ஆணிகளில் கம்பி கட்டியிருந்தது. மறு பக்கத்தைத் தாங்கி நின்றவை எட்டு கிளுவைக் கம்புகள். எட்டும் துளிர்விட்டிருந்தன. கிணற்றடியில் தொடங்கிப் பின் மதில் வரை, கொல்லையின் நட்டநடுவில், நூல் பிடித்தாற்போல ஒரே வரிசை. பச்சைப்பசேல் என்று வேலி நின்றது. அதை வேறு எந்தப் பெயராலும் சொல்ல முடியாது.

"செவ்வாக்கிழமை துணி தொவைக்க வந்தப்பதான் பார்த்தேன். ஒங்க மாமாகிட்டக் கேட்டேன். 'கிளுவை வேலிக்கு நடுறதாச்சே'ன்னாக. அம்புட்டுத்தான், எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. சர்வேயரக் கூப்புடுங்கன்னேன். திங்கக்கிழமை வாராராம். அளந்து கல்லு போட்டுட்டா ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"அக்கா, இது பந்தக்கால்தான். சத்தியமா..."

"பந்தக்காலு எலை விடுமா?"

செவந்தி பக்கத்துக் கம்பின் துளிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு வேணும்னா எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல?" ராஜலட்சுமியின் குரல் சட்டென்று இறங்கியது. "பாதி என்ன, முழுசா எடுத்துக்கடின்னு சொல்லியிருப்பேன். கள்ளத்தனமா எதுக்கு?"

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் செவந்தி பதிலுக்குக் கத்தியிருப்பாள்; விஷயம் மத்தியானத்துக்குள் தீர்ந்திருக்கும். இது வலித்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, புருஷன் வெளிநாட்டில், அவளுக்கு என்று இருந்த ஒரே துணை ராஜலட்சுமிதான். பிள்ளையில்லாத ராஜலட்சுமி, இலக்கியாவைத் தன் இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். எட்டு குச்சிகளால் அதெல்லாம் போய்விடுமா என்று நினைத்தபோது செவந்திக்குப் பயமாக இருந்தது.

அவள் முதல் கம்பின் அருகே குந்தினாள். கொடி பிடித்து ஏறட்டும் என்று ரகுநாத் ஒவ்வொரு கம்பிலும் தேங்காய் நார்க் கயிற்றை உச்சி முதல் அடிவரை நெருக்கமாகச் சுற்றியிருந்தான். கயிற்றை விலக்கிப் பார்த்தாள். பருத்த அடி மண்ணுக்குள், மெலிந்த நுனி வானத்தைப் பார்த்து. இரண்டாவதும் அப்படியே. எட்டாவது வரை அப்படியே.

அவள் பிறந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முந்திரித் தோப்பைச் சுற்றிக் கிளுவைப் போத்துதான் வேலி. பச்சைக் கம்பை வெட்டி அடியை அடியாகவே நட்டால் வேர் பிடிக்கும், வேலியாகும். வெறும் முட்டுக்காலாக நிற்க வேண்டுமென்றால் தலைகீழாக நடுவார்கள்; நின்ற இடத்திலேயே காய்ந்து போகும். அண்ணன் தோப்பு வேலியிலிருந்து லோடு ஆட்டோவில் போத்து வந்து இறங்கிய அன்றே புருஷனிடம் சொன்னாள், "தலையக் கீழ வச்சு நடுங்க, மறந்துறாதீங்க" என்று. "எனக்குத் தெரியாதா? போடி" என்றான். அவனுக்குத் தெரியும்தான்.

நட்ட அன்று அவள் ஊரில் இல்லை. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அவளும் ராஜலட்சுமியும் ஒன்றாகத்தான் பஸ் ஏறிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. பத்தரைக்கு வீடியோ காலில் வந்தான் ரகுநாத். பனியனோடு அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன செவந்தி, வெண்டைக்கா பறிச்சாச்சா?"

"பறிச்சாச்சு. போத்த எப்படி நட்டீங்க?"

"எந்தப் போத்து?"

"தலைகீழா நடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

ரகுநாத் அடுப்பைச் சிம்மில் வைத்தான்.

"துளுத்துருச்சா?" என்று கேட்டான். அந்தக் குரலில் பதற்றம் இல்லை. பரீட்சை ரிசல்ட் கேட்கிறவனின் ஆவல்தான் இருந்தது.

"தெரிஞ்சேதான் நட்டீங்களா?"

"இங்க பாரு, கோவப்படாம கேளு. ரெண்டு வருசத்துல நான் வந்துருவேன். வந்தா பின்னாடி ஒரு மெக்கானிக் செட்டு போட்டுத்தான் பொழைக்கணும். பொதுக் கொல்லையில எப்படிப் போடுறது?"

"அதுக்கு மாமாகிட்ட வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?"

"அண்ணன்கிட்டப் போயிப் பாகம் கேக்கச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்டி."

"இப்ப அக்கா எம்மேலதான் துப்புது. கதவத் தாப்பாப் போட்டுருச்சு. தெரியுமா ஒங்களுக்கு?"

"நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், அப்புறம் சரியாப் போயிரும். நீ ஒண்ணும் தெரியாதுன்னே இரு. அதான் ஒனக்கு நல்லது."

பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது. அந்தக் கம்பு தான்தான் என்று செவந்திக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள். ரகுநாத்துக்கு அந்த மௌனம் சமாதானமாகத் தெரிந்தது போலிருக்கிறது. தொழில் தெரிந்தவனுக்கே உரிய பெருமை வந்துவிட்டது.

"நேரா இருக்கா பார்த்தியா? கெணத்துலேருந்து மதில் வரைக்கும் கயித்த இழுத்துப் புடிச்சு நட்டது. அரை இஞ்சு தப்பாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செவந்தி போனை வைத்தாள்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்தாள். நாற்பதடி இருக்கும். நாற்பதடிக் கயிற்றை ஒருத்தன் இழுத்துப் பிடித்துக்கொண்டே குழியும் தோண்ட முடியாது. கயிற்றுக்கு இரண்டு முனை. இந்த முனையில் ரகுநாத் இருந்தால் அந்த முனையில் யார்? அந்த ஞாயிற்றுக்கிழமை, முட்டிவலி என்று சொல்லிக் காதுகுத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் உறுத்தியது. செவ்வாய்க்கிழமை கேட்டு, திங்கட்கிழமை சர்வேயர் வருகிறாராம். அவள் அப்பா தோப்பை அளக்க மனுக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் நடையாய் நடந்தார். புதுக்கோட்டையில் எந்தக் காலத்தில் ஆறு நாளில் சர்வேயர் வந்திருக்கிறார்?

பேசாமல் இருந்தால் பாதிக் கொல்லை கைக்கு வரும். புருஷனுக்கும் அதுதான் வேண்டும். பேசினால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர். சாயங்காலம்வரை இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். ராஜலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டு போனது ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து நின்றது.

ஆத்மநாதன் பத்திர எழுத்தர் ஒருவரிடம் இருபத்தாறு வருஷமாக எழுத்து வேலை பார்க்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனிதர் வாய் திறந்து பேசினால் அன்று ஏதோ விசேஷம் என்று அர்த்தம். ஐந்தரை மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கை கால் கழுவி, டீயோடு உட்கார்ந்த நேரத்தில் செவந்தி மறுபடி தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, போத்த நட்டது அவுக. வேலியாகட்டும்னு தெரிஞ்சேதான் நட்டிருக்காக. காலையில நான் கேட்டேன், ஒத்துக்கிட்டாக. எனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான் சொல்ல வந்தேன்."

கட்டிய புருஷனை ஒருத்தி இப்படிப் போட்டு உடைப்பாள் என்று ராஜலட்சுமி எதிர்பார்க்கவில்லை.

"நெசமாவா சொல்ற?"

"நெசந்தான். மாமாகிட்டயும் ஒண்ணு கேக்கணும்." செவந்தி திரும்பினாள். மூத்தாரிடம் அவள் இதுவரை எதையும் நேருக்கு நேர் நின்று கேட்டதில்லை. "மாமா, நாப்பதடிக் கயிறு புடிச்சு நட்டேன்னாக. அங்கிட்டு முனைய யாரு புடிச்சா?"

ஆத்மநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. சொல்லாமல் இருக்கத்தான் வரும். அவ்வளவு நேராகக் கேட்ட பிறகு அதற்கும் வழியில்லை.

"நாந்தான்" என்றார்.

"என்னது?" என்றாள் ராஜலட்சுமி.

"கயித்த நான் புடிச்சேன். குழி அவன் போட்டான்."

"அப்ப செவ்வாக்கிழமை நான் வந்து கேட்டப்ப?"

"கிளுவை வேலிக்கு நடுறதுன்னு சொன்னேன். அது பொய்யில்லையே?"

ராஜலட்சுமி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பழி போட்ட வாய் தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும்னா எங்ககிட்டச் சொல்லிட்டுப் பிரிக்க வேண்டியதுதானே?"

"ஒங்க ரெண்டு பேருகிட்டக் கேட்டா ஒத்துக்க மாட்டீங்க. அவன் ஒரு நாளு வந்துருவான். நல்லா இருக்கும்போதே பிரிச்சுக்கிட்டாத்தான் நாளைக்கும் நல்லா இருக்கலாம்." இவ்வளவு நீளமாக அவர் பேசியதே பெரிசு. "ஊருக்கும் ஒரு காரணம் சொல்லணும்ல."

"என்ன காரணம்?"

ஆத்மநாதன் மறுபடி கல்லுளிமங்கன் ஆகிவிட்டார். செவந்திதான் கேட்டாள்.

"மாமா, சர்வேயர வரச் சொல்லிக் குடுத்த மனுவோட நகல் இருக்கா?"

அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் கண் ஆணியில் தொங்கிய ரெக்சின் பையின் பக்கம் போனது. அது போதும் ராஜலட்சுமிக்கு. பையை இறக்கி, பிளாஸ்டிக் ஃபைலை உருவி, ஜெராக்ஸ் தாளை வெளியே எடுத்தாள். கண்ணாடி அடுப்படியில் இருந்தது.

"நீ படி" என்று செவந்தியிடம் நீட்டினாள்.

முத்து முத்தான கையெழுத்து. செவந்தி சத்தமாகப் படித்தாள்.

"'...சகோதரர்களாகிய எங்களுக்குள் எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லை என்றாலும், எங்கள் மனைவிமார் இருவருக்கும் இடையே தொடர்ந்து ஏற்பட்டு வரும் சண்டை சச்சரவு காரணமாக, மேற்படி கூட்டுப் பட்டாவில் உள்ள கொல்லைப் பகுதியைச் சரிபாதியாக அளந்து உட்பிரிவு செய்து தருமாறு...'"

அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ராஜலட்சுமி சுவரைப் பார்த்தாள். "காலையில பால் வாங்கப் போனப்ப பிரகதீஸ்வரிகிட்டச் சொல்லிட்டேன். இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேன். இந்நேரம் தெருவே பேசியிருக்கும்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னாலதான் செவந்தி. நான் சண்டை போட்டதாலதான் இப்படி எழுதிக் குடுத்துருக்காக."

"இல்லக்கா."

செவந்தி தாளின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்மநாதன் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் ரகுநாத் கையெழுத்து. ரகுநாத் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவன் ஊரில் இருந்திருக்க வேண்டும். கீழே தேதி இருந்தது.

"பிப்ரவரி பதினாறுக்கா. காதுகுத்துக்கு மறுநாளு."

ராஜலட்சுமிக்குக் கணக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காதுகுத்து முடிந்து திரும்பி வருகையில் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தர்வக்கோட்டையில் ஏறியவுடன் ராஜலட்சுமி இவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து இருந்த மாவில் எல்லாருக்கும் தோசை சுட்டார்கள். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஆளுக்கு ஏழு சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் போய் மனுவைக் கொடுத்திருக்கிறார்கள்.

"நம்ம சண்டை போடுறதுக்கு முப்பத்தொம்பது நாளு முன்னாடியே எழுதிட்டாக" என்றாள் செவந்தி.

ஆத்மநாதனின் டீ ஆறி ஆடை படிந்தது. ராஜலட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுகை நின்றிருந்தது. அறந்தாங்கிக் கடைவீதி முகம் திரும்பி வந்திருந்தது.

"திங்கக்கிழமை சர்வேயர் வரட்டும்" என்றாள் புருஷனிடம். "வந்தா நெடுக்க அளக்க வேணாம். குறுக்க அளக்கச் சொல்லுங்க. கெணத்துப் பக்கம் எனக்கும் இவளுக்கும். பின்னாடி மதில் பக்கம் ஒங்களுக்கும் ஒங்க தம்பிக்கும். நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டே கயிறு புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

"அப்படியெல்லாம் அளக்க முடியாது ராஜி" என்றார் ஆத்மநாதன், பத்திரம் எழுதுகிற குரலில். "பட்டா எங்க ரெண்டு பேரு பேருலதான் இருக்கு. ஒங்க பேருல ஒண்ணும் இல்லையே."

"பட்டா ஒங்க பேருல. சண்டை மட்டும் எங்க பேருலயா?"

இருபத்தாறு வருஷத்தில் ஆத்மநாதன் எழுதிய எந்தப் பத்திரத்திலும் இதற்கு வாசகம் இல்லை.

செவந்தியின் கையில் போன் அதிர்ந்தது. மஸ்கட். அவள் எடுக்கவில்லை, ராஜலட்சுமியைப் பார்த்தாள். ராஜலட்சுமி கையை நீட்டினாள்.

"குடு இங்கிட்டு" என்றாள். செவந்தி கொடுத்தாள்.